டெர்மினலில் பாஸ், எடிட்டரில் ஃபெயில்: எங்கே இடிக்கிறது?

கேள்வி: பல மாட்யூல்கள் கொண்ட ஜாவா ப்ராஜெக்ட். டெர்மினலில் கிரேடில் என்ற பில்ட் டூல் வழியாக ஓட்டினால் எல்லா டெஸ்ட்டும் பாஸ். விஎஸ் கோட் எடிட்டரில் டெஸ்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பட்டனை அழுத்தினால், என்விரான்மென்ட் வேரியபிள் நல் (மதிப்பே இல்லை) என்கிறது. இன்னொரு டெஸ்ட், ஃபைலே இல்லை என்கிறது. எதை மாற்றுவது?

பதில்: டெஸ்ட்டைத் தொடாதீர்கள். அந்த பட்டன் வழக்கமாக கிரேடிலைக் கூப்பிடுவதே இல்லை. எடிட்டரின் ஜாவா எக்ஸ்டென்ஷன், பில்ட் ஃபைலிலிருந்து டிபென்டென்சிகளையும் சோர்ஸ் ஃபோல்டர்களையும் தெரிந்துகொண்டு, ஜேயூனிட் என்ற டெஸ்ட் ஃப்ரேம்வொர்க்கைத் தானே ஓட்டுகிறது. பில்ட் ஃபைலின் டெஸ்ட் பிளாக்குக்குள் நீங்கள் எழுதிவைத்த வேரியபிள்களும் ஜேவிஎம் (ஜாவா ப்ரோக்ராமை ஓட்டும் மெஷின்) ஆப்ஷன்களும் அதற்குப் போய்ச் சேராது.

ஊகிக்க வேண்டாம், அளந்து பாருங்கள். ஒரு டெஸ்ட்டில் யூசர்.டிர் (எந்த ஃபோல்டரில் நின்று ஓடுகிறது), ஜாவா.வெர்ஷன் ஆகிய இரண்டு சிஸ்டம் ப்ராப்பர்ட்டிகளையும் பிரிண்ட் செய்து, இரண்டு வழியிலும் ஓட்டுங்கள். உங்கள் ஃபைல் சிக்கல் பெரும்பாலும் முதல் வரியிலேயே தெரிந்துவிடும்: கிரேடில் அந்தந்த மாட்யூலின் ஃபோல்டரில் நின்று ஓட்டும், எடிட்டரோ நீங்கள் திறந்துவைத்த மேல் ஃபோல்டரில் நிற்கும். நிற்கும் ஃபோல்டரை வைத்து ஃபைலைத் தேடும் ரிலேட்டிவ் பாத் அங்கே உடைகிறது.

விஎஸ் கோடின் செட்டிங்ஸ்.ஜேசனில் ஜாவா.டெஸ்ட்.கான்ஃபிக் என்ற பகுதியைச் சேர்த்து, அதில் வேரியபிள்கள், விஎம் ஆர்க்யுமென்ட்கள், வொர்க்கிங் டைரக்டரி மூன்றையும் கொடுத்துவிடலாம். சரி, வேலை முடியும். ஆனால் ஒரே விஷயம் இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்றை மாற்றி மற்றதை மறப்பது எப்படியும் நடக்கும். அதனால் ஃபைல்களையாவது டெஸ்ட் ரிசோர்சஸ் ஃபோல்டருக்கு நகர்த்தி, கிளாஸ்பாத் (ஜாவா கிளாஸ்களையும் ரிசோர்ஸ்களையும் தேடும் இடங்களின் பட்டியல்) வழியாகப் படியுங்கள். யார் எங்கிருந்து ஓட்டினாலும் அது கிடைக்கும்.

இன்னொரு பொறி: கிரேடில் கமாண்டோடு மைனஸ் டி (-D) போட்டுக் கொடுக்கும் ப்ராப்பர்ட்டி கிரேடிலுக்குத்தான் போகும். டெஸ்ட்கள் தனி ஜேவிஎம்மில் ஓடுவதால், டெஸ்ட் பிளாக்கில் சிஸ்டம் ப்ராப்பர்ட்டியாக எடுத்துக் கொடுத்தால்தான் அவற்றுக்குத் தெரியும்.

இன்டெல்லிஜே எடிட்டரைப் பயன்படுத்தும் நண்பர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. அதன் கிரேடில் செட்டிங்ஸில் டெஸ்ட்டை யார் ஓட்டுவது என்று கேட்கும் இடத்தில் கிரேடில் என்று இருந்தால் போதும்.

பில்ட் ஃபைலை மாற்றிய பிறகும் விஎஸ் கோட் பழையதையே பிடித்துக்கொண்டிருந்தால், கமாண்ட் பேலட்டில் ஜாவா லாங்குவேஜ் சர்வரின் வொர்க்ஸ்பேஸை கிளீன் செய்யும் கமாண்டை ஒருமுறை ஓட்டுங்கள்.