அகழெலி வாயால் மண்ணை எறியுமா? ஜெர்மன் கூட்டுச்சொற்கள் பற்றி ஒரு கேள்வி பதில்

கேள்வி: ஐயா, அகழெலிக்கு ஜெர்மனில் ‘மௌல்வுர்ஃப்’ என்று பெயர். ‘மௌல்’ விலங்கின் வாய், ‘வுர்ஃப்’ எறிதல். மண்ணை வாயால் எறிவதால் வந்த பெயரா?

பதில்: இன்றைய அகராதியை வைத்துப் பிரித்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் அது தோண்டுவது மண்வெட்டி போல அகன்ற முன்னங்கால்களால். பெயரின் பழைய வடிவத்திலும் வாய் கிடையாது. ஜெர்மனின் மிகப் பழைய வடிவமான பழைய உயர் ஜெர்மனில் ‘மூவெர்ஃப்’ என்றார்கள். ‘மூ’ என்றால் குவியல். ஆக, குவியல் எறிவது. காலையில் புல்வெளியெங்கும் மண்குவியலைப் பார்த்தவர்கள் வைத்த பெயர்.

அப்புறம் ‘மூ’ வழக்கொழிந்தது. பொருள் புரியாத அசையை மக்கள் அப்படியே விடுவதில்லை. மண், புழுதி என்று பொருள்படும் ‘மொல்ட்’ அந்த இடத்துக்கு வந்தது: மண் எறிவது. அந்தச் சொல்லும் மறைந்தபோது, ஒலியில் நெருங்கிய ‘மௌல்’ வந்து உட்கார்ந்தது. முன்பாதி இரண்டு முறை மாறியும் ‘எறி’ மட்டும் நிலைத்து நிற்கிறது. இந்தச் சொல்லில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

கேள்வி: அகழெலி என்ற நம் சொல்?

பதில்: அழகான வினைத்தொகை. ஆனால் விலங்கு எலி இனமல்ல. மண்புழுவும் பூச்சியும் தின்பது.

கேள்வி: கல்லறைத் தோட்டம் ‘ஃப்ரீட்ஹோஃப்’. ‘ஃப்ரீடெ’ அமைதி, ‘ஹோஃப்’ முற்றம். இதாவது சரியா?

பதில்: இதுவும் இல்லை. முன்பாதி பேணுதல், காத்தல் என்ற பொருளுள்ள பழைய வினையிலிருந்து வந்தது. தேவாலயத்தைச் சுற்றி அடைத்த முற்றம்தான் முதல் பொருள். வேலியிட்டு அடைப்பதை இன்றும் ‘ஐன்ஃப்ரீடன்’ என்கிறார்கள். ஒலி இயல்பாக வளர்ந்திருந்தால் ‘ஃப்ரைட்ஹோஃப்’ ஆகியிருக்க வேண்டும்; பவேரிய, ஆஸ்திரிய வட்டார வழக்கில் அந்த வடிவம் உண்டு. பொது மொழியில் அமைதி என்ற பொருளுள்ள ‘ஃப்ரீடெ’ அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. அடக்கம் செய்யும் இடத்துக்கு அமைதி பொருந்துவதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கேள்வி: தொங்கும் வலைப்படுக்கை ‘ஹெங்கெமாட்டெ’. தொங்கு, பாய். இதில் என்ன சிக்கல் இருக்க முடியும்?

பதில்: இரண்டு பாதியுமே பிறகு வந்தவை! மூலம் கரீபியத் தீவுகளின் தைனோ மக்களுடைய ‘ஹமாகா’. ஸ்பானியமும் பிரெஞ்சும் அதை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டன. டச்சுக்காரர்கள் ‘ஹாங்மாட்’, அதாவது தொங்குபாய், என்று தங்கள் சொற்களாக்கினார்கள். ஜெர்மன் அந்த வழியில்தான் போனது.