சொல்லாமல் போன நண்பன்

அன்புள்ள ஐயா,

என் நண்பன் இறந்து ஏழு மாதம் ஆகிறது. கல்லூரி முதல் வருடத்தில் தொடங்கிய நட்பு, நாற்பது வருடத்துக்கு மேல். வேலை, கல்யாணம், பிள்ளைகள், கடன், ஓய்வு என்று எல்லாவற்றிலும் கூடவே இருந்தோம். இரண்டு நாள் பேசாமல் இருந்தால் மூன்றாம் நாள் யாராவது ஒருவர் கூப்பிட்டுவிடுவோம்.

அவனுக்குப் புற்றுநோய் என்பது எனக்குத் தெரியாது. ஒரு வருடமாக இருந்திருக்கிறது. அந்த வருடம் முழுக்க என்னோடு பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும்தான் இருந்தான். இளைத்துவிட்டாயே என்று கேட்டதற்கு நடைப்பயிற்சி என்றான். கடைசி வாரத்தில் அவன் மனைவி கூப்பிட்டுச் சொன்னார். போனபோது அவனால் பேச முடியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டான், அவ்வளவுதான்.

பிறகு தெரியவந்தது இன்னும் மோசம். ஓய்வுபெற்ற பிறகு அவனுக்குப் பழக்கமான ஒருவர் இருக்கிறார். இரண்டு மூன்று வருடப் பழக்கம்தான். அவருக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியுமாம். சிகிச்சைக்கு அழைத்துக்கொண்டு போனதே அவர்தானாம்.

இப்போது அவன் நினைவாக ஒரு மலர் கொண்டுவருகிறார்கள். முதல் கட்டுரையை நான்தான் எழுத வேண்டும் என்கிறார்கள். உட்கார்ந்தால் 'பண்பாளர், பழகுவதற்கு இனியவர்' என்று வருகிறது. கிழித்துப் போட்டுவிடுகிறேன். உள்ளே இருப்பது கோபம்தான். செத்துப்போனவன் மேல் கோபப்படலாமா? அவன் குரல்கூட மெல்ல மறந்துகொண்டு வருகிறது, கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. இதை யாரிடமும் சொல்லி அழவும் முடியவில்லை. மனைவி, பிள்ளைகள் எல்லாம் இருக்கும்போது நான் யார்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாகக் கோபப்படலாம். தமிழில் ஏறக்குறைய இரண்டாயிரம் வருடமாக இறந்துபோன நண்பனிடம் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தவர் பொத்தியார்.

கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் நட்பு எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒருவரையொருவர் பார்க்காமலேயே நண்பர்கள். மகன்களோடு வந்த பகையில் மனம் கசந்து சோழன் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் கிடந்து, உயிர்விடத் துணிகிறான். பாண்டிய நாட்டிலிருந்து ஆந்தையார் வருவார், அவருக்கு இடம் வையுங்கள் என்கிறான். அவரும் வந்து சேர்கிறார். நட்பைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் அந்தக் கதையில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். சோழனோடு உறையூரில் கூடவே இருந்த புலவர் பொத்தியார். அவரும் சோழனோடு வடக்கிருக்கத்தான் போனார். சோழன் விடவில்லை. உன் மனைவி கருவுற்றிருக்கிறாள், மகன் பிறந்த பிறகு வா என்று திருப்பி அனுப்பிவிட்டான்.

யோசித்துப் பாருங்கள். கண்ணால் பார்த்தே இராதவருக்கு இடம் போட்டு வைக்கிறான், கூடவே இருந்தவரை வீட்டுக்குப் போ என்கிறான்.

புறநானூற்றில் 217-லிருந்து 223-க்குள் பொத்தியார் பாடியவை ஐந்து பாட்டுகள். வரிசையாகப் படித்தால் ஒரு மனிதர் துக்கத்துக்குள் எப்படி நடந்து போகிறார் என்று தெரியும். முதலில் வியப்பு. பார்த்தே இராத ஒருவர் இத்தனை தூரம் கடந்து வந்து இங்கே சாவதற்கு உட்கார்கிறாரே என்ற வியப்பு. அதில் பொறாமை இருந்ததா என்று நானும் தேடிப் பார்த்திருக்கிறேன், பாட்டில் இல்லை. அப்புறம் உறையூருக்குத் திரும்புகிறார். அரசன் இல்லாத மன்றத்தைப் பார்க்கிறார். பல வருடம் சோறு போட்டு வளர்த்த யானையை இழந்த பாகன், அது கட்டிக்கிடந்த தறி வெறுமையாக நிற்பதைப் பார்த்து அழுததுபோலக் கலங்கினேன் என்கிறார். பிறகு 222-ஆம் பாட்டு. சோழன் இப்போது நடுகல். பொத்தியார் அந்தக் கல்லின் முன்னால் வந்து நிற்கிறார். மகன் பிறந்த பின் வா என்று சொல்லி "என்இவண் ஒழித்த அன்பி லாள" என்று கூப்பிடுகிறார். என்னை இங்கேயே விட்டுவிட்டுப் போன அன்பில்லாதவனே! அடுத்த மூச்சிலேயே, நீ என்னை நினைக்காமல் இருந்திருக்க மாட்டாய், சொல், "என்னிடம் யாது?" என்று கேட்கிறார். எனக்கு என்று எந்த இடத்தை வைத்திருக்கிறாய்?

உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் இருப்பதும் இதே கேள்விதானே. அந்தப் பாட்டில் வசையும் நம்பிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, ஒன்று மற்றதை ரத்து செய்யவில்லை. கபிலரும் இப்படித்தான். பாரி இறந்தபின் பாடிய பாட்டில் (புறம் 236) அவனைப் பார்த்து, நானும் கூட வருகிறேன் என்றபோது விடாமல் 'நீ இரு' என்று சொல்லிவிட்டாயே, என்னைக் காப்பாற்றிய அந்த வருடங்களிலெல்லாம் உள்ளுக்குள் என்னை வெறுத்திருக்கிறாய் போல என்கிறார். பாரியைப் பற்றிக் கபிலருக்குத் தெரியாதா? தெரிந்தும் அப்படித்தான் கேட்கத் தோன்றுகிறது.

'நான் யார்' என்பதற்கு வருகிறேன். சாவு வீட்டில் நண்பனுக்கு என்று ஒரு இடம் இருப்பதில்லை. ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் மனைவியிடம் போவார்கள், பிள்ளைகளிடம் போவார்கள், நண்பனிடம் வந்து வண்டி வந்துவிட்டதா என்று கேட்பார்கள். அலுவலகங்கள் துக்கத்துக்கு விடுப்பு தரும்போதும் பெரும்பாலும் உறவுமுறையைத்தான் பார்க்கின்றன. அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989-ல் இதற்கென்றே ஒரு நூலைத் தொகுத்தார். ஊர் அங்கீகரிக்காத, வெளிப்படையாக அழ இடம் கிடைக்காத துக்கங்களைப் பற்றியது. நண்பர்களின் துக்கம் அதில் அடக்கம். ஆகவே உங்களுக்கு நடப்பது விசித்திரமான ஒன்றல்ல. உரிமை இருக்கிறதா என்று யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அழுகை வந்தால் அழுங்கள்.

சரி, அவர் ஏன் சொல்லவில்லை?

வள்ளுவர் 'பழைமை' என்று ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார், நீண்டகால நட்பைப் பற்றி மட்டும். அதில் 805-ஆம் குறள்: "பேதைமை ஒன்றோ பெருங்கிழமை என்றுணர்க நோதக்க நட்டார் செயின்." நண்பர் நோகும்படி ஒன்றைச் செய்தால், ஒன்று அறியாமை, இல்லையென்றால் மிகுந்த உரிமை, அப்படி எடுத்துக்கொள் என்கிறார். இரண்டில் எது என்று அவர் சொல்வதில்லை. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

நோயாளியைப் பார்ப்பதற்கென்றே நமக்கு ஒரு முகம் இருக்கிறது. நோய் தெரிந்த நாளிலிருந்து வீட்டில் எல்லோரும் உங்கள் நண்பரை அந்த முகத்தோடுதான் பார்த்திருப்பார்கள். நீங்கள் ஒருவர்தான் பழைய முகத்தோடு கூப்பிட்டு, வம்பளந்து, திருப்பித் தராத புத்தகத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருப்பீர்கள். அதை இழக்க அவருக்கு மனம் வந்திருக்காது. இப்படிச் சொன்னால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். இவ்வளவு வசதியாகப் பொருந்துவதால்தான் எனக்கே இதில் கொஞ்சம் சந்தேகம். என் அனுபவத்தில், ஒரு வருடம் மறைக்கப் போகிறேன் என்று யாரும் தீர்மானம் எடுப்பதில்லை. இன்றைக்கு வேண்டாம், அடுத்த ஸ்கேன் வரட்டும், இந்தச் சுற்று மருந்து முடியட்டும் என்று ஒவ்வொரு நாளும் அன்றைக்கு மட்டும் தள்ளிப்போடுகிறார்கள். நான்கு மாதம் போன பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குப் பயந்து இன்னும் தள்ளுகிறார்கள். இதில் உங்கள் நட்பின் மீது தீர்ப்பு எதுவும் இல்லை.

அந்தப் புதிய நண்பரிடம் சொன்னதும் எனக்குப் புரிகிறது. அவரிடம் சொன்னால் அவர் உடைந்துபோக மாட்டார். ஒரு வேலையாக எடுத்துக்கொண்டு வண்டியை எடுப்பார். உங்களிடம் சொல்லியிருந்தால் உங்களைத் தேற்றும் வேலையும் உங்கள் நண்பருக்குச் சேர்ந்திருக்கும். இது உங்களுக்கு வலிக்கும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அந்தப் புதிய நண்பரைப் போய்ப் பாருங்கள். இந்தக் கடிதத்தில் நான் சொல்ல விரும்புவது உண்மையில் இது ஒன்றுதான்.

டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1985-ல் தன் சகாக்களோடு சேர்ந்து ஒரு கருத்தை முன்வைத்தார். நெருக்கமாக வாழும் இருவர் நினைவில் வைத்துக்கொள்ளும் வேலையைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்கிறார்கள் என்பது அது. ஒருவருக்கு ஆட்களின் பெயர், இன்னொருவருக்கு வருடம், யார் எதை வைத்திருக்கிறார் என்பது மட்டும் இருவருக்கும் தெரியும். ஒருவர் போனால் அவரிடம் இருந்த பாதியும் போய்விடுகிறது. என் சிநேகிதன் போன பிறகு எனக்கு நடந்தது அதுதான். எங்கள் பழைய கதைகளை இப்போது நான் எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம். 'டேய், அன்றைக்கு மழையே பெய்யவில்லை' என்று குறுக்கே விழ ஆளில்லை. என் கதைகளில் இப்போது மழை கொஞ்சம் அதிகமாகவே பெய்கிறது.

உங்கள் நண்பரின் கடைசி வருடம் உங்களிடம் இல்லை, அந்த மனிதரிடம் இருக்கிறது. அவரிடம் முதல் நாற்பது வருடம் இல்லை. அவரும் ஏதோ ஒரு மூலையில், நாம் நேற்று வந்தவர்தானே, நமக்கு எதற்கு இவ்வளவு துக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். மருத்துவமனைக்குப் போகிற வழியில் என்ன பேசுவான், வண்டியில் என்ன பாட்டுப் போடச் சொல்வான், டாக்டரைக் கிண்டல் செய்தானா, பயந்தானா என்று கேளுங்கள். பதிலுக்கு நீங்கள் அவனுடைய இருபது வயதைக் கொடுங்கள். 'என்னைப் பற்றி ஏதாவது சொன்னானா' என்ற கேள்வியை முதல் சந்திப்பில் கேட்டுவிடாதீர்கள். பதில் எதுவாக இருந்தாலும் மற்ற எதுவும் அப்புறம் உங்கள் காதில் விழாது.

குரல் மறப்பது பற்றி. வாட்ஸாப்பில் அவர் அனுப்பிய குரல் பதிவுகள் இருந்தால் இன்றைக்கே தனியாக எடுத்து இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். போன் மாற்றும்போது இவைதான் முதலில் தொலையும். அவருடைய எண் கொஞ்ச நாளில் வேறு யாருக்காவது போகும், அவர் பெயருக்குப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவரின் படம் வந்து நிற்கும். அதற்கும் தயாராக இருங்கள். பதிவுகளைக் கேட்க இப்போது தைரியம் வராது. பரவாயில்லை, இருக்கட்டும்.

இனி கட்டுரை. பண்பாளர் என்று எழுதி எழுதிக் கிழித்தீர்களே, நல்லது. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய பாட்டைப் பாருங்கள் (புறம் 235). அவன் பெரிய வீரன், அள்ளிக் கொடுத்தவன். அவரோ கள்ளிலிருந்து தொடங்குகிறார். கொஞ்சமாகக் கள் கிடைத்தால் எனக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நான் பாடப் பாடத் தானும் மகிழ்ந்து குடிப்பான். எலும்போடு கறி இருக்கும் இடமெல்லாம் எனக்குத் தருவான், அம்பும் வேலும் பாயும் இடமெல்லாம் தான் நிற்பான். நரந்தம் என்ற வாசனைப்பொருள் மணக்கும் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவுவான். வீரம் நடுவில் ஒரு வரியில் வந்து போகிறது, அவ்வளவுதான். அந்தக் கையின் மணம் இன்னும் இருக்கிறது. உங்கள் நண்பர் பணத்தை எண்ணும் விதம், பொய் சொல்லும்போது அவர் குரலில் வரும் மாற்றம், எந்த விஷயத்தில் கஞ்சன் என்பதையெல்லாம் எழுதுங்கள். நீங்கள் இருவரும் பேசாமல் இருந்த ஒரு காலம் நிச்சயம் இருக்கும், அதையும் எழுதுங்கள். நாற்பது வருடத்தில் அப்படி ஒன்று இல்லையென்றால் நான் நம்ப மாட்டேன்.

கோபத்தையும் எழுதுங்கள். 'நடைப்பயிற்சி என்றான்' என்ற வரி உங்கள் கடிதத்தில் இருக்கிறதே, அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பின்னால் விளக்கம் எதுவும் தேவையில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். அந்த ஒரு வருடமும் உங்களிடம் சொல்லாமல் இருந்தது அவர் மட்டுமல்ல. அவர் மனைவியும்தான். நீங்கள் கூப்பிட்டபோதெல்லாம் பக்கத்து அறையில் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு, சொல்ல நினைத்தும் அவர் வாங்கிய சத்தியத்துக்காகச் சும்மா இருந்திருக்கலாம். நண்பர் மேல் நீங்கள் எறியும் கல் அச்சில் வரும்போது அந்த அம்மாள் மேல் விழக்கூடும். கட்டுரையை மலர்க்குழுவுக்குக் கொடுக்கும் முன் அவர் ஒருமுறை படிக்கட்டும். ஏதாவது ஒரு வரியை எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுங்கள், காரணம் கேட்க வேண்டாம்.

அன்புடன்.