படிப்பு முடிந்தது, வேலை எப்போது? புதுப் பட்டதாரிகள் கேட்டவை

சென்னையில் 12 வருடமாகக் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக்கொடுப்பதுதான் என் வேலை. இந்த ஆண்டு படிப்பு முடித்தவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்டவற்றில் சில:

இ.சி.இ. இன்ஜினியரிங் முடித்து 4 மாதம் ஆகிறது சார். நௌக்ரி வேலைவாய்ப்பு வெப்சைட்டில் 150 இடத்துக்குப் போட்டுவிட்டேன். இன்டர்வியூ வந்தது இரண்டே இரண்டு. என்னிடம்தான் கோளாறா?

இல்லை. காலேஜ் கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை கிடைக்காதவர்களுக்கு ஆறு மாதம், ஒரு வருடம் என்று இழுப்பதை அடிக்கடி பார்க்கிறேன். என் பக்கம் நடப்பதைச் சொல்கிறேன். ஃப்ரெஷர் வேண்டும் என்று காலையில் போட்டால் சாயங்காலத்துக்குள் நானூறு ரெஸ்யூமே வந்து கிடக்கும். நூறைத் திறப்பேன், பத்துப் பேரைக் கூப்பிடுவேன். மீதி முந்நூறு பேரை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, பார்க்கவே இல்லை. அதனால் பழைய அறிவிப்புகளை விட்டுவிட்டு, அன்றைக்கு வந்ததற்கு அன்றே அனுப்புங்கள். உள்ளே இருக்கும் சீனியரிடம் ரெஃபரல், அதாவது சிபாரிசு, கேட்கக் கூச்சப்படாதீர்கள். பல கம்பெனிகளில் அதற்கு அவருக்கும் பணம் உண்டு.

அப்புறம் ரெஸ்யூமேயில் போடும் அந்தக் காலேஜ் ப்ராஜெக்ட். 'முகத்தை வைத்து அட்டெண்டன்ஸ்' என்பதை வாரத்துக்குப் பத்துத் தடவை பார்க்கிறேன். எத்தனை போட்டோ வைத்துச் சோதித்தீர்கள் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். ஒரு பெண் மட்டும், "அண்ணன் கல்யாண ஆல்பத்திலிருந்து 60 போட்டோ சார். கண்ணாடி போட்ட மாமாக்களை எல்லாம் ஒரே ஆள் என்று சொல்லிவிட்டது" என்றார். அவரை எடுத்துக்கொண்டோம்.

வருடத்துக்கு 3.36 லட்சம் பேக்கேஜ். மாதம் 28,000 வரும்தானே?

வராது. பேக்கேஜ், அதாவது சி.டி.சி., என்பது உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு. அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொண்டால் பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,800. கம்பெனி பங்கும் அதே 1,800, அதுவும் இந்த 28,000-க்குள்தான். பிற்காலத்தில் தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டிக்கு 700 சொச்சம். ஆகக் கையில் 23,500-ஐ ஒட்டி வரும். இன்ஷூரன்ஸ் பிடித்தால் இன்னும் குறையும். 'வேரியபிள்' என்று, கிடைக்கும் என்று உறுதியில்லாத ஒரு தொகை போட்டிருந்தால் அதைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். தங்கும் பி.ஜி. விடுதிக்கு வாடகை, சாப்பாடு, பஸ் போக முதல் வருடம் வீட்டுக்குப் பெரிதாக அனுப்ப முடியாது. அதை அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

மெக்கானிக்கல் நான். ஸ்ரீபெரும்புதூரில் 'அப்ரண்டிஸ்' என்று கூப்பிடுகிறார்கள். டிப்ளமோ பையன்களோடு புரொடக்‌ஷன் லைனில் நிற்க வேண்டுமாம். போகலாமா?

லைனில் நிற்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. கேட்க வேண்டியது வேறு. 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி, பயிற்சி முடிந்ததும் உங்களை வேலைக்கு எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கம்பெனிக்குக் கிடையாது. அங்கே போன பேட்சில் எத்தனை பேரை நிரந்தரம் செய்தார்கள் என்று ஹெச்.ஆரிடம் கேட்காதீர்கள், கேன்டீனில் கேளுங்கள். சம்பளச் சீட்டு கம்பெனி பெயரில் வருமா, கான்ட்ராக்டர் பெயரிலா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் பொருளின் தரம் பார்க்கும் குவாலிட்டி பிரிவில் உட்கார வைத்தால் கண்டிப்பாகப் போங்கள்.

என் மகன் பி.காம். வேலைக்குப் போகாமல் டி.என்.பி.எஸ்.சி.க்கு மட்டும் படிக்கிறான். விடலாமா தம்பி?

படிக்கட்டும் அம்மா, ஆனால் அதை மட்டும் நம்பி வேண்டாம். 2024 குரூப் 4-க்கு முதலில் அறிவித்தது 6,244 இடம். விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கு மேல். நல்லாப் படிக்கிற பையனுக்கும் ஒரு மார்க்கில் போய்விடும். பக்கத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பாதி நாள் சேர்த்துவிடுங்கள். சம்பளம் சொற்பம்தான். ஆனால் டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேரும் ஜி.எஸ்.டி. ரிட்டர்னும் கைக்கு வந்துவிட்டால், மூன்று வருடம் கழித்து என்னைப் போல ஒருவன் 'இத்தனை நாள் என்ன செய்தாய்' என்று கேட்கும்போது சொல்ல ஏதாவது இருக்கும்.

கன்சல்டன்சியில் ஒன்றரை லட்சம் கட்டினால் 'பேக் டோர்', அதாவது கொல்லைப்புற வழியாகக் கம்பெனியில் எடுப்பார்களாம். கட்டலாமா அண்ணா?

கட்டாதே தம்பி. ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டையும் கொடுக்காதே. என் சித்தப்பா மகன் இப்படிக் கொடுத்த 80,000 இன்னும் வரவில்லை.