இட்லி சரி, சட்னி கூடாது

கேள்வி: அமெரிக்காவில் இன்னும் கல்லூரி வாசலையே மிதிக்காத பள்ளிப் பையன்கூட, அடுத்த வருடம் இந்த அணியில் ஆடப்போகிறேன் என்று சொல்லி ஷூவுக்கும் சத்துப் பவுடருக்கும் விளம்பரம் செய்கிறான். முன்பு அமெச்சூர் விதி என்று ஒன்று இருந்தது, விளையாடுகிறவன் அதை வைத்துக் காசு பார்க்கக் கூடாது என்று; கல்லூரி விளையாட்டு சுத்தமாக இருந்தது. அதையும் காசுக்கு விற்றுவிட்டார்களே! நம் ஊரிலிருந்து டென்னிஸ் ஸ்காலர்ஷிப்பில் போகும் பிள்ளைகளும் இதில் விழுந்துவிட மாட்டார்களா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: ‘சுத்தமாக இருந்தது’ என்று யார் உங்களுக்குச் சொன்னது? விற்பனை அப்போதும் அமோகமாக நடந்தது. கல்லாவில் உட்கார்ந்திருந்தவர்கள் வேறு, அவ்வளவுதான். கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டி ஒன்றின் ஒளிபரப்பை மட்டும் 2010-ல் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்கு விற்றது என்.சி.ஏ.ஏ. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை மேய்க்கும் அமைப்பு அது. ஷூ கம்பெனிகள் பல்கலைக்கழகங்களுக்குக் கோடிகோடியாகக் கொடுத்தன. அந்த முத்திரையைச் சுமந்துகொண்டு ஓடியவன் மாணவன். அதே மாணவன் தன் சொந்த முகத்தை ஒரு விளம்பரத்தில் காட்டினால் மட்டும் விளையாட்டின் புனிதம் கெட்டுவிடும்!

ஜெரமி புளூம் கதையைக் கேளுங்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துக்காரர். பனிமேடுகள் மேல் துள்ளித் துள்ளி இறங்கும் ‘மோகல்’ பனிச்சறுக்கில் 2002 ஒலிம்பிக்கில் ஆடியவர், அந்த ஆண்டு உலகக் கோப்பைப் பட்டத்தையும் வென்றவர். இன்னொரு பக்கம் அமெரிக்கக் கால்பந்து. கொலராடோ பல்கலைக்கழகம் அவரை அணிக்கு எடுத்திருந்தது. ஒலிம்பிக்குக்காகச் சேர்க்கையைத் தள்ளிப்போட்டார். பனிச்சறுக்கில் மாதச் சம்பளம் கிடையாது. கருவி, பயிற்சி, பயணம் எல்லாவற்றுக்கும் ஸ்பான்சர் காசுதான் சோறு. கல்லூரியில் சேரும் முன்பே சறுக்குக் கருவிகளுக்கு விளம்பர ஒப்பந்தம் போட்டிருந்தார், ஆடைக் கம்பெனி மாடலாகவும் வந்தார்.

கல்லூரி அணிக்கு ஆட வேண்டுமா, எல்லாவற்றையும் விடு என்றது என்.சி.ஏ.ஏ. விலக்கு கொடுங்கள் என்று பல்கலைக்கழகமே அவருக்காகக் கேட்டுப் பார்த்தது, நடக்கவில்லை. நீதிமன்றம் போனார், தோற்றார். விளம்பரத்தை நிறுத்திவிட்டு இரண்டு சீசன் ஆடினார். அடுத்த ஒலிம்பிக் நெருங்கியதும் வேறு வழியில்லாமல் மறுபடி ஸ்பான்சர் பிடித்தார். 2004-ல் மேல்முறையீடும் தோற்றது. கல்லூரிக் கால்பந்திலிருந்து அவரை ஒரேயடியாக வெளியே தள்ளினார்கள்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? ஒரு விளையாட்டில் தொழில்முறை வீரனாகச் சம்பளம் வாங்கிக்கொண்டே இன்னொரு விளையாட்டில் கல்லூரிக்கு ஆட அந்த விதி தாராளமாக அனுமதித்தது. கிறிஸ் வெயின்கி ஆறு வருடம் தொழில்முறை பேஸ்பால் ஆடிவிட்டு ஃபுளோரிடா ஸ்டேட் கால்பந்து அணிக்கு வந்தார்; 2000-ஆம் ஆண்டு 28 வயதில் கல்லூரிக் கால்பந்தின் உச்ச விருதான ஹைஸ்மன் கோப்பையை வாங்கினார். அவர் அமெச்சூர். புளூம் அமெச்சூர் இல்லை. சம்பளமாக வந்தால் தீட்டில்லை, விளம்பரமாக வந்தால் தீட்டு! நீதிமன்றத்திலும் இதைத்தான் கேட்டார்கள். விதி அப்படித்தான் இருக்கிறது, எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்று தீர்ப்பு வந்தது.

இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். முன்பெல்லாம், வீரர்களுக்குக் கல்லூரி கொடுக்கும் நொறுக்குத் தீனியில் பேகல் என்கிற வளைய ரொட்டி இருக்கலாம், அதன் மேல் தடவ எதுவும் இருக்கக் கூடாது. தடவினால் அது ‘சாப்பாடு’ ஆகிவிடும், விதிமீறல். இட்லி கொடு, சட்னி கொடுத்தால் தண்டனை!

‘மாணவ விளையாட்டு வீரர்’ என்ற சொல்லுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. 1950-களில் கால்பந்து ஆடி அடிபட்டு இறந்த ஒரு மாணவரின் மனைவி, தொழிலாளர் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார். அதே கொலராடோவில்தான். இவன் தொழிலாளி இல்லை, மாணவன் என்று சொல்லிக்கொள்ள ஒரு சொல் தேவைப்பட்டது. உருவாக்கினார்கள். அந்தப் பெண்மணி 1957-ல் தோற்றார். அன்று என்.சி.ஏ.ஏ.வின் தலைமை நிர்வாகியாக இருந்த வால்டர் பையர்ஸ், ஓய்வு பெற்ற பிறகு இதைத் தானே எழுதி வைத்தார். ஓய்வு பெற்ற பிறகுதான் பலருக்கு மனசாட்சி வேலைக்குத் திரும்புகிறது.

சரி, எப்படி மாறியது? மனம் திருந்தியெல்லாம் இல்லை. 2019-ல் கலிஃபோர்னியா, கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று சட்டம் போட்டது. வேறு மாநிலங்களும் கிளம்பின. 2021 ஜூனில், படிப்பு சார்ந்த சலுகைகளுக்கு என்.சி.ஏ.ஏ. வைத்த உச்சவரம்பை எதிர்த்து வீரர்கள் போட்ட ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சம்பளம் கொடுக்காததுதான் எங்கள் சரக்கின் தனிச்சிறப்பு என்று அமெரிக்காவில் வேறெந்தத் தொழிலும் சொல்லித் தப்பிக்க முடியாது என்று நீதிபதி கவனா தனியாகவே குத்தினார். பத்தே நாளில், ஜூலை 1-ஆம் தேதி, விளம்பரக் காசுக்குக் கதவு திறந்துவிட்டது.

இப்போது நடப்பதெல்லாம் நியாயம் என்று நான் வாதாட வரவில்லை. குவின் யூவர்ஸ் என்ற டெக்சாஸ் பள்ளிக் கால்பந்து வீரர், தன் மாநிலத்தில் பள்ளியில் இருந்துகொண்டு விளம்பரக் காசு வாங்க முடியாது என்பதால் பன்னிரண்டாம் வகுப்பையே தாண்டிக் குதித்து 2021-ல் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அந்த சீசனில் ஆட்டத்தில் ஒரு பந்தைக்கூட வீசவில்லை. டிசம்பரில் டெக்சாஸுக்கே திரும்பிவிட்டார்! பணக்கார ரசிகர்கள் கூட்டாகச் சேர்ந்து, விளம்பரம் என்ற பெயரில் பையனை விலைபேசுவதும் நடக்கிறது. எந்தப் பொருளும் விற்காத விளம்பரம் அது. அதனால்தான் வீரர்கள் போட்ட வழக்கில் 2025-ல் வந்த சமரசத் தீர்வில், 600 டாலருக்கு மேல் வெளியார் ஒப்பந்தம் எதுவானாலும் பதிவு செய், நியாயமான விலையா என்று பார்க்கிறோம் என்கிறார்கள். பழைய வீரர்களுக்கு 280 கோடி டாலர் பாக்கி கொடுக்கவும் அதே தீர்வில்தான் ஒப்புக்கொண்டார்கள். நீங்கள் சொல்லும் அந்தச் சுத்தமான காலத்துக்கான பாக்கி.

17 வயதுப் பையன் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தை யார் படித்துப் பார்க்கிறார்கள் என்று கேட்டிருந்தால், உங்களோடு சேர்ந்து நானும் கவலைப்பட்டிருப்பேன். நீங்கள் கேட்டது புனிதத்தைப் பற்றி.

நம் ஊர்ப் பிள்ளைகள் விஷயம் வேறு. அவர்கள் போவது எஃப்-1 மாணவர் விசாவில். கல்லூரிக்கு வெளியே வேலை பார்த்துச் சம்பாதிக்க அந்த விசாவில் பொதுவாக அனுமதி இல்லை, என்.சி.ஏ.ஏ. தலையாட்டிவிட்டதால் குடியேற்றச் சட்டம் தலையாட்டாது. கென்டக்கி பல்கலைக்கழகத்தின் ஆஸ்கர் ஷீப்வே, காங்கோவில் பிறந்தவர், 2022-ல் நாட்டின் சிறந்த கல்லூரிக் கூடைப்பந்து வீரர். அந்த ஆகஸ்டில் அணி பஹாமாஸ் தீவுக்குப் போனபோதுதான், அமெரிக்க மண்ணுக்கு வெளியே, அவர் விளம்பர வேலைகளை முடித்துக்கொண்டார். உங்களுக்குத் தெரிந்த பிள்ளை பவுடர் டப்பாவோடு செல்ஃபி எடுக்கும் முன், பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். கோச்சிடம் வேண்டாம்.