இடிக்கச் சொல்லிவிடுவார்கள் என்ற அச்சத்தில் புகார் செய்யாமல் இருக்கலாமா?

கேள்வி: திருவல்லிக்கேணியில் ஒரு பழைய மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டைகள் மேல் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் பரப்பிய கூரை) வீட்டின் மாடியில் பல ஆண்டுகளாக வாடகைக்கு இருக்கிறோம். கூரைக் கட்டைகள் உளுத்து, காரை பெயர்ந்து விழுகிறது. பழுதுபார்க்கச் சொன்னால், "மாநகராட்சிக்கு எழுதினால் வீட்டையே இடிக்கச் சொல்வார்கள், அதோடு உங்கள் வாடகை உரிமையும் போய்விடும்" என்கிறார் உரிமையாளர். எழுத்து ஒப்பந்தம் இல்லை, வாடகையும் ரொக்கம்தான். என்ன செய்யலாம்?

பதில்: புகார் செய்யலாம். ஆனால் மனுவில் என்ன கேட்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998இன்படி, ஆபத்தான நிலையில் உள்ள கட்டடத்தைப் பார்வையிட்டு, அதைப் பழுதுபார்க்கவோ, முட்டுக்கொடுத்துப் பாதுகாக்கவோ, தேவையானால் இடிக்கவோ உத்தரவிடும் அதிகாரம் மாநகராட்சிக்கு இருக்கிறது. "கட்டடம் இடிந்து விழும் நிலையில் உள்ளது" என்று மட்டும் எழுதினால், அது இடிப்பை விரும்பும் உரிமையாளருக்கே சாதகமாகிவிடலாம். எனவே, கட்டமைப்புப் பொறியாளரைக் கொண்டு ஆய்வு செய்து, பழுதுபார்த்துப் பாதுகாக்கக்கூடிய பகுதிகளைக் குறிப்பிட்டு, உரிமையாளருக்குப் பழுதுபார்ப்பு நோட்டீஸ் அனுப்புமாறு கேளுங்கள். மனுவை மண்டல அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். மாநகராட்சியின் 1913 தொலைபேசி எண்ணில் சொல்லும் புகார் அதற்கு மாற்றாகாது.

இடித்தால் உரிமை போய்விடும் என்பது சரியன்று. மாநகராட்சி இடித்த ஒரு கட்டடம் தொடர்பான ஷாஹா ரதன்சி கிம்ஜி வழக்கில், வாடகை உரிமை கட்டடத்தோடு அது நிற்கும் நிலத்தையும் சார்ந்தது என்பதால், கட்டடம் போனதாலேயே அது முடிந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. எனினும் தீர்ப்பு கையில் இருப்பது வேறு, மீண்டும் குடியேறுவது வேறு. பழுதுபார்ப்புக்காகக் காலி செய்ய நேர்ந்தால், மறுகுடியேற்றம் பற்றிய உடன்பாட்டை எழுத்தில் பெற்ற பிறகே சாவியைக் கொடுங்கள்.

உங்கள் வழக்கில் பலவீனமான இடம் ஒப்பந்தம் இல்லாமையே. 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியிருப்பதோடு, அது இல்லாததை உரிமையாளர் வீட்டைத் திரும்பப் பெறுவதற்கான காரணமாகவும் ஏற்கிறது. ஆகவே, ஒப்பந்தம் செய்துகொள்ளத் தயார் என்று உரிமையாளருக்குப் பதிவுத் தபாலில் இன்றே எழுதுங்கள். வாடகையை வங்கி வழியாகச் செலுத்துங்கள். பழுதைக் காட்டி வாடகையை நிறுத்திவிட வேண்டாம். பாக்கி வைத்தால் அதுவே உங்களை வெளியேற்றக் காரணமாகும்.

அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி கட்டமைப்புப் பழுதும், வெள்ளையடிப்பும், மின்கம்பி, குழாய் மாற்றுவதும் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது போன்றவை உங்களுடையவை. (உங்கள் பக்கத்து வேலையை முதலில் முடித்துவிட்டால் எதிர்த்தரப்புக்கு வாதம் குறையும்.) உரிமையாளர் மறுத்தால், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலரான வாடகை அதிகாரியிடம் மனுச் செய்யலாம். செலவை நீங்களே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் உளுத்த கூரைக்கு ஆகும் செலவு வாடகையில் கழித்து மாளாது என்பதால், உங்களுக்கு அந்த வழியை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

இதற்கிடையில் காரை பெயர்ந்து விழும் அறையில் யாரும் படுக்க வேண்டாம். 27.12.2021 அன்று திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு இடிந்தபோது உயிர்ச்சேதம் இல்லாமல் போனதற்குக் காரணம், விரிசலைக் கண்ட குடியிருப்பாளர்கள் முன்னதாகவே வெளியேறியதுதான்.

மாநகராட்சி அசையவில்லை என்றால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி ஆய்வறிக்கையின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அதற்குப் பிறகும் மனு கிடப்பில் கிடந்தால், குறித்த காலத்துக்குள் அதைப் பரிசீலித்து முடிவெடுக்க உத்தரவிடுமாறு சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்யலாம். அப்போது நீதிமன்றம் முதலில் பார்ப்பது, மேலே சொன்ன ஒப்புகையைத்தான்.