சின்ன அயர்ன் பாக்ஸும் கால் இஞ்ச் தையலும்

வணக்கம்.

குவில்ட் (துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை) தைக்கப் பழகிவருகிறேன். மூன்றுக்கு மூன்று, ஒன்பது கட்ட பிளாக். இரண்டரை இஞ்ச் சதுரங்கள், எல்லாமே காட்டன். முடித்தால் ஆறரை இஞ்ச் வர வேண்டும், ஆறேகால்தான் வருகிறது. ஓரமும் வளைந்து நிற்கிறது. ஒவ்வொரு தையலுக்கும் எழுந்து போய்த் தேய்க்க முட்டி ஒத்துழைக்கவில்லை. அதனால் பயணத்துக்கு எடுத்துப் போகும் சின்ன அயர்ன் பாக்ஸை மெஷின் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். கோளாறு அதில்தானா? நாத்தனார் அமெரிக்காவிலிருந்து பேனா மாதிரி நீளக் கைப்பிடியும் நுனியில் குட்டித் தகடும் உள்ள ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார். இன்னும் பிரிக்கவில்லை. அது இதைவிட நன்றாக இருக்குமா?

ச., பெரம்பூர்

அன்புள்ள ச.,

நல்லவேளை, அதைப் பிரிக்கவில்லை. பிளக்கில் சொருகுவதற்கு முன்னால் கைப்பிடியில் உள்ள எழுத்தைப் படியுங்கள். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் அது மூன்றரை மடங்குக்கு மேல் மின்சக்தியை இழுத்து, சீக்கிரமே கருகிவிடும். கடையில் விற்கும் பின் மாற்றும் அடாப்டர் பின்னின் வடிவத்தை மாற்றுமே தவிர வோல்ட்டேஜைக் குறைக்காது. ரிச்சி தெருவில் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் என்று கேளுங்கள். பேனா வகை பெரும்பாலும் 40, 60 வாட்தான் என்பதால் 100 வாட் டிரான்ஸ்ஃபார்மர் போதும். லேபிளில் 120/240 என்று இருந்தால், அதிலுள்ள ஸ்விட்சை 240-க்குத் தள்ளிவிட்டு, டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் பின் மாற்றும் அடாப்டரோடு போடலாம்.

இனி உங்கள் காணாமல்போன கால் இஞ்ச். ஒரு வரிசையில் தையல் இரண்டு. அப்படியென்றால் தையலுக்கு அரைக்கால் இஞ்ச், டெய்லர் கணக்கில் ஒரு நூல், எங்கேயோ போகிறது. அது காணாமல்போக இரண்டு வழி உண்டு. தையலே, ஓரத்திலிருந்து விட வேண்டிய கால் இஞ்சைத் தாண்டி அரை நூல் உள்ளே விழுந்திருக்கலாம். இரண்டு துணியிலும் அரை நூல், மொத்தம் ஒரு நூல். அல்லது தையல் சரியாக இருந்து, தேய்க்கும்போது துணி முழுக்கத் திறக்காமல் தையலை ஒட்டி ஒரு சின்ன மடிப்பு நின்றிருக்கலாம். மடிப்பு இரட்டையாகத் துணியைத் தின்னும், அதனால் அரை நூல் ஆழ மடிப்பு இருந்தாலே ஒரு நூல் போய்விடும்.

எது என்று கண்டுபிடிக்க, ஒன்றரை இஞ்ச் அகலப் பட்டைகள் மூன்றைச் சேர்த்துத் தைத்துத் தேய்த்து, நடுப்பட்டையை அளந்து பாருங்கள். சரியாக ஒரு இஞ்ச் இருக்க வேண்டும். குறைந்தால் நல்ல பக்கத்திலிருந்து தையலின் இரு புறமும் துணியை விரலால் இழுங்கள். மடிப்பு விரிந்து அளவு கூடினால் குற்றம் அயர்ன் பாக்ஸ் பிடிக்கும் கையில். கூடாவிட்டால் மெஷினில். அப்போது ஓரத்திலிருந்து கால் இஞ்சைவிட ஓர் இழை குறைவாக விட்டுத் தையுங்கள். துணி மடங்கித் திரும்பும் இடமே ஓரிரு இழையைத் தின்றுவிடும்.

ஓரம் வளைகிறது என்று எழுதியிருப்பதால் தேய்ப்பிலும் கோளாறு இருக்கிறது என்றே நினைக்கிறேன். சின்ன அயர்ன் பாக்ஸுக்குக் கனம் கிடையாது. கனம் இல்லாததை நாம் அழுத்துவோம், அழுத்தினால் தள்ளுவோம், தள்ளினால் துணி இழுபடும். சட்டைக்கு அது சரி. இங்கே வைத்து எடுக்க வேண்டும், நகர்த்தக் கூடாது.

தைத்ததும் துணியை விரிக்காமல், மூடியபடியே தையல் மேல் இரண்டு மூன்று நொடி வையுங்கள். நூல் துணிக்குள் அமரும். பிறகு அடர்நிறத் துண்டு மேலே வரும்படி வைத்து அதைத் திறந்து, நல்ல பக்கத்தில் தையல் மேல் நகத்தால் ஒரு கோடு போடுங்கள். அதன் மேல் நுனியை வைத்து, எடுத்து, பாதி தகடு நீளம் தள்ளி மறுபடி வையுங்கள். காட்டன் சூட்டிலும் ஈரத்திலும் இளகி, ஆறும்போதுதான் புது வடிவத்தில் நிற்கும். சூடாகவே கையில் எடுத்தால் பாதி வேலை வீண். வார்னிஷ் அடிக்காத சப்பாத்திப் பலகையைக் கவிழ்த்துப் பத்து நொடி மேலே வைத்துவிடுங்கள். சூட்டையும் ஈரத்தையும் மரம் வாங்கிக்கொள்ளும். ஒன்பது கட்டத்தில் மூலைகளும் நடுவும் அடர்நிறம் என்றால், எல்லாத் தையலையும் அடர்நிறப் பக்கமே சாய்த்தால் போதும். முதல் வரிசையும் மூன்றாவதும் வெளியே சாயும், நடு வரிசை உள்ளே சாயும், வரிசைகளைச் சேர்க்கும்போது தையல்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும்.

நீராவி வேண்டாம். சின்னப் பெட்டியின் தொட்டி சிறியது, சூடு முழுதாக ஏறுவதற்குள் தண்ணீரைத் துப்பும். சென்னைத் தண்ணீரின் உப்பு வேறு ஓட்டைகளில் படிந்து, வெள்ளைத் துணியில் பழுப்புப் பொட்டாக இறங்கும். ஈரம் தேவைப்பட்டால் புகைபோல விழும் ஸ்ப்ரேயை லேசாக அடியுங்கள். இன்னொன்று, தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றால் குட்டித் தகடு சீக்கிரம் ஆறிவிடும். நாலைந்து துண்டு தேய்த்ததும் அயர்ன் பாக்ஸின் விளக்கு அணையும்வரை காத்திருங்கள். மே மாதத்தில் விசிறியைக் குறைக்கச் சொல்வது கொடுமைதான்.

பேனா வகையை முக்கோணங்களுக்கும் அப்ளிக் (துணி மேல் வைத்துத் தைக்கும் வடிவம்) ஓரங்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். நீளத் தையலுக்கு அது ஆகாது, கோடு இழுப்பதுபோல் கை தானாக ஓடிவிடும். இழைக்குச் சாய்வாக வெட்டிய ஓரம் உள்ள முக்கோணத்தில் நகக்கோடு கூட வேண்டாம், அதுவே இழுத்துவிடும். பேனா வகைக்கு ஸ்டாண்ட் அவசியம். படுக்க வைத்தால் சூட்டு நுனி மேசையைத் தொடும்.

அடியில் என்ன விரிக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பழைய கம்பளி (கலப்பில்லாத கம்பளி, நைலான் கலந்தால் உருகும்) நாலைந்து மடிப்பு, மேலே காட்டன் துணி. சூடு திரும்பி வருவதால் அடியிலிருந்தும் தேயும். கம்பளிக்குக் கீழே ஒரு தரை டைலைப் போடுங்கள், இல்லாவிட்டால் ஈரச்சூடு மேசையின் பாலிஷை வெளுக்கச் செய்யும். துணி வெட்ட அடியில் போடும் பிளாஸ்டிக் பாய் மேல் மட்டும் வைத்துவிடாதீர்கள். அது ஒருமுறை நெளிந்தால் நிமிராது.

கஞ்சி போட்ட துணி நெளியாது. ஆனால் வெட்டுவதற்கு முன் போட வேண்டும்: இரண்டு கப் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளாரைக் கரைத்துக் கொதிக்கவிட்டு, வடிகட்டி ஸ்ப்ரே செய்யுங்கள். ஊறி இழுத்த பிறகே தேயுங்கள், ஈரமாகவே தேய்த்தால் தகட்டில் ஒட்டிப் பழுப்பாகும். போர்வை முடிந்ததும் அலசிவிடுங்கள். கஞ்சியோடு மடித்து வைத்தால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், பூச்சியும் வரும்.

முட்டி விஷயத்துக்கு: துண்டுகளுக்கு நடுவே நூலை நறுக்காமல் சங்கிலியாகத் தைத்துக்கொண்டே போங்கள், உட்கார்ந்தபடி சின்னதில் வைத்து எடுங்கள். வரிசைகள் சேர்ந்து முழு பிளாக் ஆன பிறகு மட்டும் பெரிய அயர்ன் பாக்ஸ். அதற்கும் பத்துப் பன்னிரண்டு சேரட்டும்.