டயாலிசிஸுக்கு முந்தைய பத்து ஆண்டுகள்

வணக்கம் டாக்டர்,

உங்கள் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். நான் இங்கே சிங்கப்பூரில் ஓர் அரசாங்க மருத்துவமனையில் பொது மருத்துவப் பயிற்சியின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். அடுத்து எந்தத் துறையில் நிபுணத்துவம் பெறுவது என்று விரைவில் முடிவு செய்தாக வேண்டும். எனக்குச் சிறுநீரக மருத்துவத்தில்தான் மனம் நிற்கிறது. என் பெரியம்மா பல ஆண்டுகளாக டயாலிசிஸ் செய்துகொள்கிறார். அதுவும் ஒரு காரணம். ஆனால் உப்பு, நீர், அமிலம் என்று உடலின் வரவுசெலவு முழுவதும் அங்கே நடப்பதுதான் என்னை இழுக்கிறது.

யாரிடம் சொன்னாலும் முகம் சுளிக்கிறார்கள். சீனியர்கள், "இதயம் எடு, குடல் எடு, இது குணமே ஆகாதவர்களின் துறை" என்கிறார்கள். அமெரிக்காவில் இந்தத் துறையின் பயிற்சி இடங்கள் ஆண்டுதோறும் நிரம்பாமல் போகின்றன என்று ஒருவர் எடுத்துக் காட்டினார். அம்மாவோ, "இத்தனை வருடம் படித்துவிட்டு மெஷினைப் பார்த்துக்கொண்டு உட்காரப் போகிறாயா?" என்று கேட்கிறார்.

இந்தப் பயிற்சியில் உண்மையில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்? நல்ல பயிற்சி இடத்தை எப்படி அடையாளம் காண்பது?

ம., உட்லண்ட்ஸ்

அன்புள்ள ம.,

எடுங்கள். சுற்றி வளைக்காமல் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் இடங்கள் நிரம்பாததற்கு வேலைப்பளு, வருமானம் என்று அங்கத்திய காரணங்கள் உண்டு. அதை வைத்து நீங்கள் இங்கே முடிவெடுக்க வேண்டியதில்லை. இங்கே நிலைமை வேறு. சிங்கப்பூரில் புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்கு நீரிழிவுதான் காரணம். உலகத்தில் இந்த விகிதம் மிக அதிகமாக இருக்கும் நாடுகளில் நம்முடையதும் ஒன்று. 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் என்றே அறிவித்தது. நம் இந்தியச் சமூகத்தில் நீரிழிவு எவ்வளவு பரவலானது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் வார்டைச் சுற்றிப் பார்த்தாலே தெரியும். இந்த ஊருக்கு நல்ல சிறுநீரக மருத்துவர்கள் இன்னும் பல காலம் தேவைப்படுவார்கள்.

'குணமே ஆகாதவர்களின் துறை' என்ற பேச்சு எனக்குக் கோபத்தையே உண்டாக்குகிறது. நான் பயிற்சி பெற்ற காலத்தில் அதைச் சொல்லியிருந்தால் பதில் சொல்லத் திணறியிருப்பேன். 2001இல் லோசார்ட்டான், இர்பசார்ட்டான் மாத்திரைகள் நீரிழிவுக்காரர்களின் சிறுநீரகச் சிதைவை மெதுவாக்குகின்றன என்று நிரூபணமானது. அதற்குப் பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நம் கையில் புதிதாக எதுவும் இல்லை. வந்த ஆய்வுகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. 2019இல் கேனகிளிஃப்ளோசின் என்ற நீரிழிவு மருந்து வென்றது. மறு ஆண்டே டாபகிளிஃப்ளோசின், நீரிழிவு இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் பயன்படுகிறது என்று காட்டியது. 2024இல் செமகுளூட்டைடும் சிறுநீரகத்தைக் காக்கிறது என்று தெரிந்தது. சரியான நேரத்தில் சரியான மருந்தைத் தொடங்கினால் ஒருவர் டயாலிசிஸ் நாற்காலிக்குப் போவதைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடலாம். சிலர் போகாமலே தப்பிக்கலாம். உங்கள் சீனியர்கள் சொல்வது பழைய கதை.

ஆனால் 'சரியான நேரத்தில்' என்று சொன்னேனே, நம் பயிற்சியின் குறை அங்கேதான் இருக்கிறது.

ஐந்தாண்டு படிப்பு, ஓராண்டு ஹவுஸ்மேன் வேலை, மூன்றாண்டு பொது மருத்துவம், அதற்கிடையே எம்ஆர்சிபி என்ற பிரிட்டிஷ் மருத்துவத் தேர்வு, பிறகு மூன்றாண்டு சிறுநீரக மருத்துவம். இந்தக் கடைசி மூன்றாண்டின் பெரும்பகுதி மருத்துவமனைக்குள்ளேயே கழிகிறது. மருத்துவமனைக்கு வருபவரோ நோயின் கடைசிக் கட்டத்தில் வருகிறார். மூச்சுத் திணறலோடு, கால் வீக்கத்தோடு, இரத்தத்தில் பொட்டாசியம் அபாய அளவான 7ஐத் தொட்ட நிலையில், நடுராத்திரியில். அந்த இரவை எப்படிச் சமாளிப்பது என்பதை எல்லோரும் நன்றாகக் கற்றுக்கொள்கிறார்கள். இசிஜியில் அலைகள் கூர்மையாக எழும்பியிருக்கும். இதயத்தைக் காக்க முதலில் கால்சியம், பொட்டாசியத்தை உயிரணுக்களுக்குள் தள்ள இன்சுலினும் குளுக்கோஸும், அதற்குள் டயாலிசிஸ் தாதியை அழைத்துக் கழுத்து இரத்தக்குழாயில் (சிரையில்) டயாலிசிஸ் குழாய் போட ஏற்பாடு. ஆறு மாதத்தில் இது கைவந்துவிடும். சிறுநீரகத்திலிருந்து ஊசியால் திசு எடுக்கும் பயாப்ஸியும் அப்படித்தான். நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, ஸ்கேனில் சிறுநீரகத்தின் கீழ்முனையைப் பார்த்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லி ஊசியை விடும்போது முதல் சில முறை உங்கள் கை நடுங்கும். பிறகு நடுங்காது.

கைவராதது, அந்த நோயாளியின் முந்தைய பத்து ஆண்டுகள். அவருடைய சிறுநீரில் புரதம் கசியத் தொடங்கிய அந்த நாளில் எந்தப் பயிற்சி மருத்துவரும் அவர் பக்கத்தில் இல்லை. அவர் அப்போது ஒரு பலதுறை மருந்தகத்தில் வரிசையில் உட்கார்ந்திருந்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று நம்பினார்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின், இரத்தத்தில் லிட்டருக்கு 95 மைக்ரோமோல். இருபத்தைந்து வயது ஆணுக்கு இந்த எண் வந்தால் சிறுநீரகம் கிட்டத்தட்ட நூறு சதவீதம் வேலை செய்கிறது என்று பொருள். எழுபது வயதுப் பெண்ணுக்கு அதே 95 வந்தால் வடிகட்டும் திறன் 55ஐ ஒட்டித்தான் இருக்கும். அவர் மிக மெலிந்தவராக இருந்தால், கிரியாட்டினினைத் தரும் தசையே குறைவு என்பதால், உண்மை நிலை அதைவிட மோசமாகவும் இருக்கலாம். ஆய்வகத் தாளில் அந்த எண் எல்லையை ஒட்டி நிற்கும். அவசரத்தில் பார்ப்பவர் கடந்துபோய்விடுவார். அந்தப் பாட்டியிடம் மூட்டுவலிக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டு, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் எவ்வளவு என்று பார்த்து, மூன்று மாதம் கழித்துத் திரும்ப வரச் சொல்லி, வரும்போது அதே மருத்துவர் அங்கே இருப்பது: இதைத்தான் நான் சிறுநீரக மருத்துவம் என்பேன். மூன்றாண்டுப் பயிற்சி முடித்த ஒருவர், ஒரே நோயாளியின் எண்கள் எப்படி நகர்கின்றன என்பதை மூன்றாண்டும் கூடவே இருந்து பார்த்திருக்க வேண்டும். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் பயிற்சி மருத்துவர்களை நான்கு மாதத்துக்கு ஒருமுறை வேறு கிளினிக்குக்கு மாற்றிவிடுவார்கள். தாம் தொடங்கிய மருந்து வேலை செய்ததா என்று பார்க்கும் வாய்ப்பே அவர்களுக்குக் கிடைக்காது. நிர்வாகத்துக்கு அது வசதி. கற்பவருக்கு நஷ்டம்.

இன்னொரு இடத்துக்கும் நம் பயிற்சி மருத்துவர்கள் போதிய அளவு போவதில்லை. தேசிய சிறுநீரக அறநிறுவனத்தை மருத்துவர்கள் 1969இல் தொடங்கினார்கள். இன்று அதன் டயாலிசிஸ் நிலையங்கள் பல வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளின் கீழ்த்தளத்தில் இருக்கின்றன. அங்கே அதிகாலையில் முதல் ஷிஃப்ட் தொடங்கும்போது போய் நிற்க வேண்டும். ஒவ்வொருவரும் வந்ததும் எடை பார்ப்பார்கள். 'உலர் எடை' என்று ஒன்று குறித்து வைத்திருப்பார்கள், அதற்கு மேல் இருப்பதெல்லாம் உடலில் தங்கிய நீர். இரண்டரை கிலோ கூடியிருக்கிறது என்றால் நான்கு மணி நேரத்தில் எவ்வளவு எடுக்கலாம்? அதிகமாக எடுத்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், ரத்த அழுத்தம் விழும். குறைவாக எடுத்தால் இரவில் மூச்சு முட்டும். அனுபவமுள்ள தாதி ஒருவர் நோயாளியின் முகத்தையும் கணுக்காலையும் பார்த்து, "இவருக்கு உடம்பு இளைத்திருக்கிறது, உலர் எடையை அரைக் கிலோ குறைக்க வேண்டும்" என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். அவரிடமிருந்து கற்றுக்கொள்ளக் கூச்சப்படாதீர்கள். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்திருக்கும் ஃபிஸ்டுலாவின் மேல் கைவைத்து அதிர்வை உணர்வது, அந்த அதிர்வு துடிப்பாக மாறினால் மேலே எங்கோ அடைப்பு என்று ஊகிப்பது, இதெல்லாம் அங்கே ஒரு காலை நேரத்தில் பத்துக் கைகளைத் தொட்டால் வந்துவிடும்.

டயாலிசிஸ் வாரம் மூன்று முறை என்றால் எங்கோ இரண்டு நாள் இடைவெளி விழுந்தே தீரும். அந்த இடைவெளிக்கு அடுத்த நாளில்தான் மரணங்களும் மருத்துவமனைச் சேர்க்கையும் அதிகம் என்று 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. தீபாவளி அந்த இடைவெளியில் வந்தால் நம் நோயாளிகளிடம் சாப்பாடு, நீர் பற்றி முன்கூட்டியே பேச வேண்டும். உணவங்காடியில் நட்சத்திரப் பழச் சாறு விற்பார்கள். சிறுநீரகம் பழுதானவருக்கு அது விஷம். நிற்காத விக்கலில் தொடங்கி, குழப்பம், வலிப்பு என்று போகும். விக்கலோடு வரும் டயாலிசிஸ் நோயாளியிடம் "என்ன ஜூஸ் குடித்தீர்கள்?" என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

எண்பதைத் தாண்டிய ஒரு தமிழ் மூதாட்டியிடம் டயாலிசிஸ் பற்றிப் பேச என் பயிற்சி மருத்துவர் ஒருவரை உட்கார வைத்தேன். மூத்த மகன்தான் எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொன்னார். அந்த இளைஞர் பொறுமையாக நாற்காலியைத் திருப்பி, மூதாட்டியின் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, "பாட்டி, உங்களுக்குக் கேட்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா?" என்றார். "வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக விடுவார்களா?" என்று அவர் கேட்டார். அதற்குப் பிறகு பேச்சே மாறிவிட்டது. செவ்வாய், வியாழன், சனி ஷிஃப்ட் பற்றி, வீட்டிலேயே இரவில் வயிற்றின் வழியாகச் செய்யும் முறை பற்றி, டயாலிசிஸே வேண்டாம் என்று மருந்தோடு இருப்பது பற்றி அந்த அம்மாளோடே பேச முடிந்தது. இதற்குப் பாடநூல் கிடையாது. ஆனால் வாரத்தில் ஒரு மதியம் இதற்கென்று ஒதுக்கி, மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் கற்றுத்தர முடியும்.

மாற்றுச் சிறுநீரகம் பற்றிச் சுருக்கமாக. 1970இல் ஊட்ரம் சாலை மருத்துவமனையில் முதல் மாற்று அறுவை நடந்த நாடு இது. இறந்தவர் முன்பே மறுக்காவிட்டால் அவர் உறுப்பை எடுக்க அனுமதிக்கும் உறுப்பு மாற்றுச் சட்டம் 1987இல் வந்தது, 2008இல் முஸ்லிம்களும் அதற்குள் வந்தார்கள். பெரிய மருத்துவமனைகளில் இந்தப் பகுதியை நன்றாகவே சொல்லித்தருகிறார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் இருமலுக்குப் பக்கத்துக் கிளினிக்குக்குப் போய் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிட்டால், மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்க அவர் சாப்பிடும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு உடலில் எகிறி அந்தச் சிறுநீரகத்தையே கெடுக்கும். மாத்திரை வாங்கும் முன் அவர் உங்களுக்குத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். அழைக்கும் அளவுக்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, எத்தனை பயாப்ஸி, எத்தனை குழாய் என்று எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். அது எங்கும் போதுமான அளவு கிடைக்கும். தொடர்ந்து மூன்றாண்டும் என் பெயரில் ஒரு கிளினிக் இருக்குமா, அதே நோயாளிகள் என்னிடமே திரும்பி வருவார்களா என்று கேளுங்கள். நோயியல் நிபுணரோடு உட்கார்ந்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறீர்களா, இல்லை அறிக்கையை மட்டும் படிக்கிறீர்களா என்று கேளுங்கள். இதைத் துறைத் தலைவரிடம் கேட்பதைவிட அங்கே இப்போது பயிற்சியில் இருப்பவர்களிடம் கேன்டீனில் கேட்பது நல்லது. மெடிசேவ், மெடிஷீல்டு லைஃப் போன்ற மருத்துவச் செலவுத் திட்டங்கள் எல்லாம் எப்படி வேலை செய்கின்றன என்று விளக்க மருத்துவச் சமூகப் பணியாளரோடு உங்களை உட்கார வைக்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள். செலவைக் கேட்டுப் பயந்து கிளினிக்குக்கு வராமல் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அம்மாவிடம், மெஷினைப் பார்த்துக்கொள்வது தாதியரும் தொழில்நுட்பரும் என்று சொல்லுங்கள். உங்கள் வேலை, அந்த மெஷின் தேவைப்படுபவர்களின் எண்ணிக்கையைக் குறைப்பது.

விண்ணப்பத்துக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கும். அதுவரை வார்டில் சோடியம் குறைந்த ஒரு நோயாளியைத் தேர்ந்தெடுத்து, சிறுநீரக மருத்துவர் வந்து குறிப்பு எழுதும் முன், ஏன் குறைந்தது, எந்தத் திரவம் எவ்வளவு, இருபத்துநான்கு மணி நேரத்தில் எவ்வளவு ஏறும் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்த ஏற்றம் லிட்டருக்கு எட்டு மில்லிமோலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் வரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். விலகியிருந்தால் ஏன் என்று எனக்கு எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்